திருக்கொடுங்குன்றத்தில் ஒரு பகல்

தனித்திருத்தல் இருவகைப்படும். உள்ளத்தை உலகத் தொடர்பினின்றும் ஒதுக்கி இறைவனை நினைத்தற்பொருட்டுத் தனித்திருத்தல் ஒன்று. பிறர் முகத்தைக் காண மனமின்றித் தனித்திருத்தல் மற்றொன்று. புறத்தே நின்று பார்ப்பவர்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தனித்திருப்பவர் தமக்கும் சிலபோது அவை ஒன்றுபோலவே தோன்றிவிடுதல்தான் பெரியதோர் இடர். காரைக்குடிப் பக்கத்து அன்பர் ஒருவர் கார்த்திகைச் சோமவாரம் ஒன்றில் திருக்கொடுங்குன்றத்தின் உச்சிவரை தன்னந்தனியே ஏறிய ஒரு பகற்பொழுதின் செய்தி இவ்வேறுபாட்டை நன்கு விளக்குவதாகலின், ஈண்டு எழுதப்படுகின்றது.

திருக்கொடுங்குன்றம் என்பது இக்காலத்துப் பிரான்மலை என வழங்கும் தலம். சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிக்கு அணித்தாக உள்ளது. பாண்டி நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14இல் ஒன்று. திருஞானசம்பந்தப் பெருமான் இத்தலத்திற்கு அருளிய திருப்பதிகம் முதல் திருமுறையில் 14ஆவதாக, நட்டபாடைப் பண்ணில் அமைந்துள்ளது. மழைமேகமும், அதனைக் கிழித்து வரும் பிறையும், குளிர்ந்த சாரலும், ஆடும் மயிலும், பாடும் குயிலும் அப்பதிகத்தில் மலையோடு மலையாக வந்து நிற்கும். அடிவாரத்துத் திருக்கோயில் மூன்று நிலையாக அமைந்தது. கீழ்நிலையில் கொடுங்குன்றநாதர் குயிலமுதநாயகியோடும் எழுந்தருளியிருப்பர். இடைநிலையில் வயிரவர் சந்நிதி உண்டு. மேல்நிலையாகிய கயிலாயத்தில் மங்கைபாகர் தேனாம்பிகையோடு மணக்கோலங் கொண்டு விளங்குவர். இக்கோயிலைக் கடந்து மேலே ஓங்கி நிற்பது மலை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,500 அடி உயரமுள்ள அம்மலையில் முகடுகள் பல. அவற்றைப் புதரும் மரமும் செறிந்த காடு போர்த்திருக்கின்றது. வள்ளல் பாரியின் பறம்பு இம்மலையே என்பது தொன்றுதொட்டு வரும் கொள்கை.

அவ்வன்பர் ஐம்பது ஆண்டு கடந்தவர். தொழிலின்பொருட்டு வெளியூரில் வாழ்பவர். அவருடைய பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிற்கச் சென்று, ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊரில் வீடு ஒன்று எடுப்பித்தார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீண்டு செல்லும் அவ்வீட்டின் தூண்கள் அனைத்தும் பர்மாத் தேக்கு. 1942இல் சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அக்குடும்பத்தின் கடல்கடந்த செல்வமெல்லாம் போயிற்று. வீடு மட்டும் நின்றது. பின்னர்த் தலைமுறை தோறும் பங்கு பிரிந்து, இப்போது எட்டுப் பங்காளிகளுக்கு உரியதாயிற்று. அவருள் எவரும் அவ்வூரில் வாழவில்லை. அன்பருடைய அப்பச்சி ஒருவரே இறுதிவரை அங்கிருந்து, நாடோறும் சாமி அறையில் விளக்கேற்றித் தேவாரம் ஓதி வந்தார். அவரும் சென்ற ஆண்டு சிவபதம் எய்தினார்.

அப்பச்சி மறைந்து ஏழு திங்கள் கழிந்தபின், பெரியப்பா மகனாகிய அண்ணன் ஒருநாள் அன்பரைத் தேடி வந்தார். வந்தவர் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். நெடுநேரம் ஊர்ச் செய்தியே பேசிக்கொண்டிருந்து, பின்னர், "தம்பி, உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்" என்றார். அவர் மகளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதுற்றிருந்தன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்து உயிர் காக்கப்பட்டு வந்தது. தன் சிறுநீரகம் ஒன்றனை மகளுக்குக் கொடுக்கத் தாய் ஒருப்பட்டுவிட்டார்; மருத்துவர்களும் பொருந்தும் என்றனர். மருத்துவச் செலவுக்குத்தான் வழியில்லை. வீட்டை விற்றுவிட்டால் தம் பங்கு அதற்குப் போதும் என்பது அவர் கணக்கு. மற்றை ஆறு பங்காளிகளும் இசைந்துவிட்டனர். அன்பர் ஒருவர் கையெழுத்துத்தான் குறை.

வாங்க வந்தவரோ அவ்வீட்டில் வாழ்வதற்காக வாங்குபவர் அல்லர். தூணும் கதவும் நிலையும் பிரித்து விற்பதற்காக வாங்குபவர். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் இத்தகைய தூண்களும் கதவுகளும் விலைபோதலை யாவரும் அறிவர். அப்பச்சி சாய்ந்திருந்த தூண் எவர் வீட்டு விருந்தறைக்கோ அழகு செய்யப் போகும் என்னும் நினைவே அன்பருக்குத் தீயாய்ச் சுட்டது. "அப்பச்சி கண்மூடி ஓராண்டு நிரம்பவில்லை, பார்க்கலாம்" என்றார். அண்ணன் கைகூப்பி எழுந்து சென்றார். மறுதிங்களில் மற்றை உறவினர் சிலர் நெருக்கவே, அன்பர் சினந்து, தம் இசைவின்றி வீட்டில் ஒரு செங்கல்லையும் தொடலாகாது என வழக்கறிஞர் வாயிலாக அறிவிப்பு விடுத்தார். அதன்பின் அண்ணனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அன்பர் பழந்தமிழ் நூல்களில் பழக்கமுடையவர். பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆவதாக உள்ள சிறு பாட்டு அவர் நெஞ்சில் எப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது. சென்ற திங்களின் வெண்ணிலவில் தந்தையும் இருந்தான், குன்றமும் தமதாயிருந்தது. இத்திங்களின் நிலவிலோ இரண்டும் இல்லை என்பது அதன் பொருள். தந்தையை இழந்த தமக்குக் குன்றமாக நிற்பது அவ்வீடு. அதனைச் சூழ்ந்து முற்றுகையிட்டு நிற்பவர் பங்காளிகள். தாம் ஒருவரே அரணைக் காத்து நிற்பவர் என அவர் தம்மைக் கருதிக்கொண்டார். அக்கருத்து அவர்க்குத் துயரத்தோடு ஒருவகை இன்பத்தையும் தந்தது என்பதை மறைத்தல் வேண்டா.

இந்நிலையில், கார்த்திகை மாதத்தில் ஊருக்கு வந்த அன்பர், பறம்பின் உச்சியிற் சென்று ஒரு பகல் தனித்திருந்து வருவோம் எனத் துணிந்தார். வீட்டாரிடம் கோயிலுக்குச் செல்வதாக மட்டும் சொன்னார். சோமவாரத்து வைகறையில் காரைக்குடியிற் பேருந்தேறினார். குன்றக்குடிக் குன்றும் பிள்ளையார்பட்டியும் வழியில் இருளோடு இருளாகக் கழிந்தன. திருப்பத்தூரில் பொழுது புலர்ந்தது. சிங்கம்புணரியில் வேறு வண்டி மாறினார். ஊர்க்கண்மாய்கள் பலவும் ஐப்பசி மழையால் நிறைந்து கிடந்தன. பிரான்மலை தொலைவிலிருந்தே தோன்றிற்று. அதன் தலைமேல் முகில் கவிந்திருந்தது. இறங்கியவுடன் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் இட்டார். கோபுர வாயிலில் நின்று கைகூப்பி, இறங்கி வந்து வழிபடலாம் என எண்ணி, மலைப்பாதையில் கால்வைத்தார். அப்போது மணி ஏழு இருக்கலாம்.

மலையேறும் வழி தொடக்கத்தில் எளிதாகவே இருந்தது. சிறிது தூரம் கல் அடுக்கிய படிகள். அப்பால் பாறையும் வேரும் தாமே படியாயின. உசிலும் வெப்பாலையும் கள்ளியும் இருபுறமும் அடர்ந்திருந்தன. மழை நின்று இரண்டு நாளே ஆயினமையால் பாறைகளின் மேல் பாசி வழுக்கிற்று. மயில் ஒன்று அகவியது. குரங்குகள் சில தொடர்ந்து வந்து, தின்பண்டம் இன்மை கண்டு விலகின. பாரியின் மலையில் உழவர் உழாமலே விளைவன நான்கு உண்டெனக் கபிலர் கூறினமை அவர்க்கு நினைவு வந்தது: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். உண்பதற்கு ஒன்றும் கொண்டுவராத தம் விரதத்தை எண்ணிச் சிறிது பெருமையுங் கொண்டார்.

இடைவழியில் மரநிழலில் அமர்ந்தபோது, இம்மலையைத் தமதென்று கொண்டாடியவர் எத்தனை பேர் என எண்ணிப் பார்த்தார். பாரி கொண்டாடினான், மூவேந்தரும் கொள்ள நினைத்தனர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 13ஆம் நூற்றாண்டையொட்டித் தாம் வாங்கி விற்கும் பண்டங்களின்மேல் சிறு பகுதியைக் கோயிற்கு அளிக்க உடன்பட்டுக் கல்லில் வெட்டுவித்தனர். பின்வந்த காலத்தில் மலைமேல் கோட்டை எழுந்தது. மருது பாண்டியர் காலத்து நினைவாகப் பழைய பீரங்கி ஒன்று இன்றும் மலையிற் கிடக்கின்றது. மருது சகோதரர் 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கோட்டை சிதைந்தது. கொண்டாடியவர் ஒருவரும் இன்றில்லை. கொடுத்தவர் பெயர் மட்டும் நிற்கின்றது. பாரி பெயரும் நிற்கின்றது, வணிகர் கல்வெட்டும் நிற்கின்றது. இவ்வெண்ணம் அவர் உள்ளத்தின் வாயிலில் வந்து நின்றதேயன்றி உட்புகவில்லை. எழுந்து நடந்தார்.

உச்சிக்குச் சிறிது கீழே, ஒரு பாறையைக் கையூன்றி ஏறும்போது கால் வழுக்கிற்று. முழங்கால் உராய்ந்து குருதி கசிந்தது. அதனினும் பெரிய இழப்பு, பையின் பக்கத்திற் செருகியிருந்த தண்ணீர்க் குப்பி நழுவிப் பாறை இடுக்கில் விழுந்து, கையெட்டா ஆழத்திற் போய்த் தங்கியதேயாம். சுனை ஒன்று அருகில் இருந்தது. ஆனால் அதன்மேல் பாசியும் சருகும் படர்ந்திருந்தன, குடிக்க அஞ்சினார். திரும்பலாமோ எனின், உச்சியோ கண்ணெதிரே தோன்றுகின்றது. வெயிலும் ஏறிற்று. நாவறண்ட நிலையில், ஒரு மணி நேரம் தவழ்வதும் நிற்பதுமாகச் சென்று உச்சியை அடைந்தார்.

அம்மலையுச்சியில் வலியுல்லா சேகு அப்துல்லா என்னும் இசுலாமியப் பெரியாரின் தர்கா உள்ளது. இந்துக்களும் முசுலிம்களும் நேர்ந்துகொண்டு ஏறிவருதல் வழக்கம். அன்றும் ஒரு குடும்பத்தார் வந்திருந்தனர்: முதியவர் ஒருவர், அவர் மகள், அவள் மக்கள் இருவர். நேர்ச்சை முடித்து நிழலில் அமர்ந்து சோற்றுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தனர். அவர்கள் பக்கத்தில் தண்ணீர்க் குப்பிகள் மூன்று இருந்தன.

அன்பர் சிறிது தள்ளி ஒரு கல்லின்மேல் அமர்ந்தார். அவர்களாகவே பார்த்துக் கொடுப்பர் என எதிர்நோக்கினார். அவர்களோ மக்களுக்குச் சோறூட்டும் முயற்சியில் இருந்தமையால் இவர்பால் கண் செல்லவில்லை. கேட்கலாம் என நினைத்தார், சொல் எழவில்லை. தண்ணீர்தானே, கேட்டால் என்ன என்று அறிவு கூறிற்று. ஆயினும் நினைவு தெரிந்த நாள் முதல் எவரிடமும் எதனையும் கேட்டுப் பெறாதவர் என்னும் பெயர் அவர்க்கு உண்டு. அப்பெயரை அவர் அணிகலனாகவே பூண்டிருந்தார். இன்னும் சிறிது பொறுத்தால் அவர்களே திரும்பிப் பார்ப்பர் என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டு கால்மணி நேரம் இருந்தார். நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இறுதியில் எழுந்து சென்று, பாறையின் விளிம்பிலே குந்தியமர்ந்து, "அம்மா, தண்ணீர் சிறிது கிடைக்குமா?" என்றார். அக்குரல் அவர்க்கே வேற்றுக் குரலாகக் கேட்டது.

அப்பெண் ஒரு குப்பியை முழுமையாகவே எடுத்து நீட்டினாள். அவர் சிறிது குடித்துத் திருப்பிக் கொடுக்கப் போக, "வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. கீழே கண்மாய் நிறைந்து கிடக்கிறது. இறங்கினால் எங்களுக்குத் தண்ணீருக்கு என்ன குறை?" என்றாள். முதியவர் அவர் முழங்காலைப் பார்த்து, "தனியாகவா ஏறினீர்கள்? மழை பெய்த பாறையாயிற்றே! இருங்கள், சேர்ந்தே இறங்குவோம்" என்றார். கேட்டது ஒரு வாய் நீர். கிடைத்தது ஒரு குப்பியும் ஒரு துணையும். சோமவார விரதம் என்று சொல்லிச் சோற்றை மறுத்த அன்பருக்கு, சிறுவன் ஒருவன் வாழைப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டு ஓடினான்.

அன்பர் உச்சிப் பாறையின் ஓரத்திற் சென்று அமர்ந்தார். கீழே கண்மாய் வெயிலில் மின்னிற்று. அதற்கப்பால் மற்றொரு கண்மாய், அதற்கப்பால் மற்றுமொன்று. நீர் நிறைந்தால் கலுங்கின் வழியே வழிந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும்படி நம் முன்னோர் அவற்றைத் தொடராக அமைத்தனர். கலுங்கு இல்லாத கண்மாய் இல்லை. இருப்பின் அது கரையுடைந்து தானும் அழிந்து ஊரையும் அழிக்கும். பெற்றதைத் தேக்குதற்குக் கரை எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது மிஞ்சியதைக் கொடுத்தற்குக் கலுங்கு. மலையோ, பெய்த மழை முழுவதையும் கீழே விட்டுவிடுகின்றது. விட்டதனால் அதன் உயரம் ஒரு விரற்கடையும் குறைந்ததில்லை.

அப்போது அவர்க்குப் புறநானூற்றின் வேறொரு பாட்டு நினைவு வந்தது. 109ஆவது பாட்டு அது. மலையின் நான்கு விளைபொருளைக் கூறுவதும் அதுவே. காலையில் மலையேறும்போது அதன் முற்பகுதியை நினைந்து சென்ற அன்பர், அதன் முடிவை நினைந்திலர். முற்றுகையிட்டிருந்த மூவேந்தரை நோக்கிக் கபிலர் கூறுவதாக அமைந்த அப்பாட்டின் முடிவு யாது? மரந்தோறும் யானையைக் கட்டினும், இடமெல்லாம் தேரைப் பரப்பினும், போரினால் இம்மலையை நீர் கொள்ளமாட்டீர். கொள்ளும் வழியை யான் அறிவேன். யாழ் இசைத்து, விறலியர் பின்வர ஆடியும் பாடியும் வருவீராயின், நாட்டையும் குன்றையும் ஒருங்கே தந்துவிடுவான் என்பது. பாரியின் பெருமை மலையைக் காத்து நின்றமையில் இல்லை. கேட்டு வந்தவர்க்கு மலையையும் தரவல்லனாயிருந்தமையில் உள்ளது. முந்நூறு ஊரையும் முன்னரே பரிசிலர்க்கு ஈந்தவன் அவன். மூவேந்தரும் அவனை வெல்லமாட்டாது நின்றது அவர்க்குக் கேட்கத் தெரியாமையால்.

அண்ணன் கேட்டு வந்தார். யானையோடும் தேரோடும் வரவில்லை. நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, வாயில்லை என்று சொல்லிக் கேட்டார். அண்ணன் அவ்வொரு சொல்லைச் சொல்ல எத்தனை நாள் பொறுத்திருப்பார், எத்தனை முறை வாயிலில் வந்து திரும்பியிருப்பார் என்பது, ஒரு வாய் நீருக்காகக் கால்மணி நேரம் நாவை அடக்கிக்கொண்டிருந்த அன்பருக்கு அப்போதுதான் விளங்கிற்று. கேட்டு வந்தவர்க்கு அவர் விடுத்தது வழக்கறிஞர் அறிவிப்பு. ஆகவே அரணுக்குள் இருந்து துயருற்றவர் யார், புறத்தே முற்றுகையிட்டு நின்றவர் யார் என்பது தலைகீழாகிவிட்டது. தம்மைப் பாரி மகளிராக எண்ணி நிலவை நோக்கி வருந்தியிருந்த அவர், உண்மையில் ஒரு பெண்ணின் உயிரைச் சூழ்ந்து நின்ற வேந்தராக இருந்தார். அக்காட்சி அவரை நடுங்கச் செய்தது.

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் ஆணவ மலத்தின் இயல்பைக் கூறுமிடத்து, புற இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னையேனும் காட்டி நிற்கும். ஆணவமாகிய அக இருளோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது என உணர்த்துவர். அன்பர் இதனைப் பலகால் படித்தவர். சிலர்க்குப் பாடமும் சொன்னவர். ஆணவம் என்றால் செருக்குடையோர் சொல்லும் "யான்" என்னும் சொல்லாகவே அவர் அதுவரை கருதியிருந்தார். அது தந்தைபால் வைத்த அன்பின் உருவில் வரும் என்றும், முன்னோர் பொருளைக் காக்கும் கடமையின் உருவில் வரும் என்றும், தனித்திருந்து தவம் செய்தலின் உருவிலும் வரும் என்றும் கருதினாரில்லை. அவ்வன்பு பொய்யன்று; அக்கடமையும் பொய்யன்று. அவற்றின் உள்ளே "எனது" என்பது ஒளிந்திருந்து, அண்ணன் மகளின் முகத்தை அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது. மறைத்ததனையும் மறைத்துவிட்டது. அதுவே அதன் வலி. இருளில் இருப்பவனுக்குத் தான் இருளில் இருப்பது தெரிய ஒரு விளக்கு வேண்டும். அன்று அவ்விளக்கு ஒரு தண்ணீர்க் குப்பியின் உருவில் வந்தது.

பிற்பகலில் அனைவரும் இறங்கினர். வழுக்கும் பாறை வந்தபோதெல்லாம் மூத்த சிறுவன் முன்னே இறங்கி நின்று அன்பருக்குக் கைகொடுத்தான். ஏறும்போது தாம் தனியே ஏறியதாக அவர் எண்ணியிருந்தார். இப்போதோ, கால்வைத்த ஒவ்வொரு கல்லையும் பெயர் தெரியாத எவரோ ஒருவர் அடுக்கி வைத்திருத்தலைக் கண்டார். சுனையின் கரையிலும் படி கட்டிய கை ஒன்று இருந்தது. தனியே நடக்கும் வழி என ஒன்று அம்மலையில் இல்லை.

அடிவாரத்திற் குடும்பத்தாரிடம் விடைபெற்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. கோயிலுட் சென்று கொடுங்குன்றநாதரை வணங்கி, வயிரவரை வணங்கி, மேல்நிலைக்குச் சென்று மங்கைபாகர் முன் நின்றார். சோமவாரமாதலின் அடியார் கூட்டம் மிகுதி. காலையில் உச்சியில் தனித்திருத்தலை விரும்பி வந்தவர், இப்போது தோளோடு தோள் நெருங்கிய கூட்டத்தினிடையே நின்று கண்ணீர் வடித்தார். சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் மலம் நீங்கியோர் அன்பரொடு கூடியிருந்து ஆலயம் தொழுதலைக் கூறி முடிவது ஏன் என்பது அவர்க்கு அன்று ஒருவாறு புலனாயிற்று.

வெளியே வந்தபோது நிலா எழுந்திருந்தது. நிறைமதிக்கு ஓரிரு நாளே குறை. கண்மாய்க் கரையில் நின்று கைப்பேசியைத் திறந்தார். அண்ணனிடமிருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன. அழைத்தார்.

"எங்கே இருக்கிறாய் தம்பி? பகல் முழுதும் கூப்பிடுகிறேன். நீ மலைக்குத் தனியாகப் போயிருப்பாய் என்று வீட்டில் ஐயப்படுகிறார்கள். ஒன்றும் இல்லையே?"

"ஒன்றும் இல்லை அண்ணே. பிரான்மலையில்தான் இருக்கிறேன். கையெழுத்திட நாளைக் காலையில் வருகிறேன்."

எதிர்ப்பக்கத்தில் நெடுநேரம் ஓசையில்லை. பின்னர், "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை வா. இப்போது முதலில் ஏதாவது சாப்பிடு" என்ற குரல் மட்டும் வந்தது.

புதன்கிழமை கையெழுத்தாயிற்று. அன்பர் தம் பங்கையும் அண்ணன் மகளின் மருத்துவத்திற்கே அளித்தார். தூண்களைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிய நாளில் அவர் ஊரிலே இருந்தார். அப்பச்சி சாய்ந்திருந்த தூண் சாய்க்கப்பட்டபோது அவர் உள்ளம் நோகாமல் இல்லை. அறிவு தெளிந்தவுடன் நோவும் ஒழிந்துவிடும் எனக் கொள்வது தவறு. சாமி அறையிலிருந்து குத்துவிளக்கு ஒன்றும், அப்பச்சி ஓதிய தேவாரப் புத்தகமும் மட்டும் எடுத்துக்கொண்டார். அவ்விளக்கு இப்போது அவர் வெளியூரில் வாழும் சிறு வீட்டில் எரிகின்றது.

மறு ஆண்டுக் கார்த்திகைச் சோமவாரத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து திருக்கொடுங்குன்றம் சென்றனர். அண்ணன் மகளும் உடன் வந்தாள். மருத்துவர் சொன்னபடி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கூட்டத்தினின்றும் விலகியே நின்றாள். அவளுக்கும் அண்ணனுக்கும் மலையேற வலியில்லை. ஆதலின் அன்பரும் ஏறவில்லை. மூவரும் கோயிலை வழிபட்டுக் கண்மாய்க் கரையில் அமர்ந்தனர். அவ்வாண்டும் நல்ல மழை. கலுங்கு ஓசையோடு வழிந்துகொண்டிருந்தது. வழிந்த நீர் அடுத்த ஊர்க் கண்மாயை நோக்கிச் செல்வதை அப்பெண் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.